பழைய ஜெட்டியின் பங்கு

அந்தத் துறைமுகத்தில் கணக்கம்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. வந்து போகும் கப்பல் கேப்டன்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சம்பளம் வாங்குகிறவர்களுக்கும் கட்டணம் கட்டுகிறவர்களுக்கும் நன்றாகவே தெரியும். அவளுடைய அறைக் கதவில் பெயரும் பதவியும் பொறித்த பலகை ஒன்று தொங்கியது. அதை யாராவது வாசித்திருந்தால் ஆச்சரியம். வாசல் காவலரிலிருந்து மேலாளர் வரை எல்லோருக்கும் அவள் கணக்கம்மாதான். வீட்டுக்காரரே கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார்.

கறார் என்றால் அப்படி ஒரு கறார். அலை வந்து கரையில் மோதினால்கூட ரசீது எங்கே என்று கேட்பாள் என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அது காதில் விழும்போது அவளுக்கு உள்ளூரக் குளிர்ந்துபோகும். வெளியே மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள். முப்பது வருஷத்துக்கு மேலாகச் சேர்த்த பேர் அது. கணக்கம்மா போட்ட கணக்கில் தப்பு இருக்காது என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையை வளர்த்ததில் பாதிப் பங்கு அவளுடைய அண்ணனுக்கு உண்டு.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. தோணிகள் வந்து அணையும் துறையான பழைய ஜெட்டிக்கு எதிரே கயிறு, பெயின்ட், ஆணி, தார், தோணிக்காரர்களுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள் விற்கும் கடை அவருடையது. அண்ணனுக்கு மீசை சரியாக முளைக்காத வயதில் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கும் முன்னாலேயே. கடையும் தங்கையும் ஒன்றாக அண்ணன் தலையில் விழுந்தன. கடையைக் கட்டிக் காத்தார், தங்கையைப் படிக்க வைத்தார், தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு அவள் கல்யாணத்தை முடித்தார். இதையெல்லாம் ஒருநாளும் அவளிடம் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் பின்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வதோடு சரி. துறைமுகத்தின் கணக்கு மொத்தமும் தன் தங்கை கையில் இருப்பதாக, ஏதோ கடலையே அவள்தான் திறந்து மூடுவதுபோல், அளந்து விடுவார்.

இனி துறைமுகத்தின் வரவு செலவு. பயப்பட வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்கே ஜெட்டிகள் மூன்று. நிலக்கரியும் உரமும் கொண்டுவரும் கப்பல்களுக்குப் பெரிய ஜெட்டி. ஆட்களை ஏற்றிப் போகும் படகுகளுக்கு நடு ஜெட்டி. உப்பும் கூரை ஓடும் மரமும் ஏற்றும் தோணிகளுக்குப் பழைய ஜெட்டி. துறைமுகத்தில் வந்து கலக்கும் ஆறு மண்ணை அடித்துக்கொண்டு வந்து கொட்டும். துறைமுகம் காசு கொடுத்து அதை அள்ளும். மறுபடி கொட்டும், மறுபடி அள்ளும். தூர் வாரும் இந்தச் செலவுதான் அங்கே எல்லாச் செலவுக்கும் தலை. சம்பளம்கூட அதற்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும்.

கணக்கம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், அப்போதிருந்த தலைமைக் கணக்கர் அவளைக் கூப்பிட்டார். எதையும் கடைசி நாளில் செய்கிற மனுஷன் அவர்.

"தூர் வாரின செலவை மூணு ஜெட்டிக்கும் பிரிச்சுக் காட்டணுமாம். மேலே இருந்து கேக்கறாங்க. நீ எப்படிப் பிரிப்பியோ எனக்குத் தெரியாது, சாயங்காலத்துக்குள்ளே வேணும்."

புதிதாக வந்தவளுக்கு அது பரீட்சை மாதிரி இருந்தது. யோசித்தாள். ஜெட்டியின் நீளத்தை வைத்துப் பிரித்தால் என்ன? எந்த ஜெட்டி எவ்வளவு நீளமோ, அதற்கு அவ்வளவு பங்கு. கேட்கிறவனுக்கும் புரியும், சொல்கிறவளுக்கும் சுலபம். ஸ்டோரில் நீள டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு அளக்கப் போனாள். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே, அண்ணன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணனும் தங்கையும் குனிந்து குனிந்து மூன்று ஜெட்டியையும் அளந்தார்கள்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று நடுவில் ஒரு தரம் கேட்டார்.

"கணக்குக்கு அண்ணா."

"அப்ப சரி" என்று அடுத்த முனைக்கு நடந்தார்.

பழைய ஜெட்டி கல் வைத்துக் கட்டிய நெடுஞ்சுவர். அந்தக் காலத்தில் தோணிகள் வரிசையாக நிற்கக் கட்டியது. மற்ற இரண்டையும் சேர்த்தாலும் அதன் நீளத்துக்கு வராது. ஆகவே செலவில் பாதிக்கு மேல் அதன் தலையில் ஏறியது. தலைமைக் கணக்கர் முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். அன்றிலிருந்து அதுவே முறை என்று ஆகிவிட்டது.

இதில் ஒரே ஒரு கோளாறு. தோணி மிதக்க மார்பளவுத் தண்ணீர் போதும். ஆழம் தேவைப்பட்டதெல்லாம் நிலக்கரிக் கப்பலுக்குத்தான். தூர் வாரும் கப்பல் பெரிய ஜெட்டியையும் அதற்கு வரும் கால்வாயையும் சுற்றிச் சுற்றி வருமே தவிர, பழைய ஜெட்டிப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுத்ததில்லை. அவளுடைய அறை ஜன்னலிலிருந்து பார்த்தாலே அது தெரியும். மூன்றாம் வருஷம் அவளுக்கும் தெரிந்தது. நீளத்தால் வகுத்திருக்கக் கூடாது, ஆழத்தால் வகுத்திருக்க வேண்டும். உடனே போய்த் தலைமைக் கணக்கரிடம் சொன்னாள்.

"எல்லாம் ஒரே சட்டையோட மூணு பாக்கெட்தானேம்மா? எதிலேருந்து எடுத்தா என்ன? இப்ப முறையை மாத்தினா ஆடிட்டர் ஏன் மாத்தினேன்னு கேப்பான். நீ பதில் சொல்லுவியா?"

அவள் அறைக்குத் திரும்பிவிட்டாள். அவர் சொன்னதும் அப்போதைக்கு நிஜம்தான். மூன்று ஜெட்டியின் காசும் ஒரே பெட்டிக்குத்தான் வந்தது, தோணிக்காரர்களிடம் இதற்காக யாரும் கூடுதலாகப் பிடுங்கவில்லை. பிறகு அவர் ஓய்வு பெற்றார், அந்த நாற்காலி அவளுக்கே வந்தது. ஒரு கையெழுத்தில் மாற்றியிருக்கலாம். ஆனால் மாற்றினால் இத்தனை வருஷம் இருந்தது தப்பு என்றும் எழுத வேண்டும். தப்பை ஆரம்பித்து வைத்தது யார் என்றும் எழுத வேண்டும். கணக்கம்மாவுக்குக் கை வரவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினாள். அடுத்த வருஷமும் அதையே சொல்லிக்கொண்டாள். சோம்பேறித்தனம் பாதி, கௌரவம் பாதி. இதை அவளே பிற்பாடு ஒப்புக்கொண்டாள், நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

வினை புது மேலாளர் ரூபத்தில் வந்தது. மேலாளர் கெட்டவர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் கதை சுலபமாகப் போயிருக்கும். அவர் வந்தபோது துறைமுகம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் துறைமுகங்களுக்குப் பெரிய பெரிய கப்பல்கள் போக, இங்கே நடுத்தரக் கப்பல்களே யோசித்து யோசித்து வந்தன. சம்பளம் மாதக் கடைசியைத் தாண்டி இழுத்தது. மேலாளர் அலையாய் அலைந்து ஒரு வங்கியைப் பிடித்தார். பெரிய ஜெட்டியை இன்னும் ஆழமாக்கி நீட்டுவது, அதற்குக் கடன் வாங்குவது என்று திட்டம். எதிர்காலத் திட்டம் போட்டுத் தர ஒரு ஆலோசனைக் கம்பெனியையும் அழைத்து வந்தார்.

கம்பெனிக்காரர் மெல்லிய கண்ணாடியும் மெல்லிய பேச்சுமாக இருந்தார். விளக்கை அணைத்துத் திரையில் படம் போட்டார். பெரிய ஜெட்டி பச்சைக் கட்டமாக உயர்ந்து நின்றது. பழைய ஜெட்டி சிவப்பாகக் கீழே இறங்கியிருந்தது.

"லாபம் தர்ற இடத்தை வளக்கணும், நஷ்டம் தர்ற இடத்தை மூடணும். பழைய ஜெட்டியை மண் போட்டு மேடாக்கிட்டா, சரக்குப் பெட்டி அடுக்க அருமையான இடம் கிடைக்கும். அங்கே இருக்கிற கடைகளுக்கும் தோணிக்காரங்களுக்கும் நஷ்டஈடு குடுத்துடலாம்" என்றார்.

கணக்கம்மா அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்தாள். அது தோணிகள் வைத்த நஷ்டம் இல்லை. அவளும் அண்ணனும் டேப் பிடித்து அளந்து கொண்டுவந்த நஷ்டம். கம்பெனிக்காரர் அவள் கொடுத்த கணக்கைத்தான் வண்ணம் பூசிக் காட்டினார். பிரித்த முறையும் அடிக்குறிப்பாகக் கீழே அச்சாகியிருந்தது. எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கணக்கம்மா போட்டதாயிற்றே, அதை வேறு தோண்டித் துருவுவானேன் என்று விட்டுவிட்டார்கள்.

அன்று மாலை அவள் வீட்டுக்காரரை அலைதடுப்புச் சுவருக்கு அழைத்துப் போனாள். வீட்டில் பேச முடியாது. அவர் இழுவைப் படகில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த எஞ்சின் அவருடைய ஒரு காதைத் தின்றுவிட்டது. அதனால் அவரிடம் ரகசியம் சொன்னால் அவர் சொல்லும் பதில் தெருவுக்கே கேட்கும். அலைச் சத்தத்தில் கத்திக் கத்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஆழத்தை வைத்து மறுபடி போட்டுப் பார்த்ததையும் சொன்னாள். பழைய ஜெட்டி கொஞ்சமானாலும் லாபத்தில் நிற்கிறது, பெரிய ஜெட்டிதான் நஷ்டத்தில் இருக்கிறது.

"தோண்டினது ஒருத்தனுக்கு, கூலி கேக்கறது இன்னொருத்தன்கிட்டயா? நல்லா இருக்கே உங்க ஆபீஸ்!" என்று அவர் கத்தினார். தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"ஆபீஸ் இல்லீங்க. நான்."

அவர் அவள் பக்கம் குனிந்தார். "மச்சான்கிட்ட சொல்லிடு" என்றார். அதைமட்டும் எப்படியோ மெதுவாகச் சொன்னார்.

அவள் முதலில் மேலாளரிடம் போனாள். அதுதான் ஒழுங்கு என்று நினைத்தாள். அண்ணனிடம் போகாமல் இருக்க அது ஒரு சாக்காகவும் இருந்தது. மேலாளர் முழுதும் கேட்டார். தூக்கம் இல்லாமல் அவர் கண் வீங்கியிருந்தது.

"நீங்க பொய் எழுதலையே, கணக்கம்மா? ஒரு முறை வச்சிருக்கீங்க, எல்லா வருஷமும் அதே முறைதான். இப்ப ஆழத்தாலே வகுத்தா பெரிய ஜெட்டி நஷ்டம்னு ஆயிடும். அதை நம்பித்தான் பேங்க் கடன் குடுக்குது. கடன் இல்லேன்னா தூர் வாரவும் காசு இல்லே, சம்பளத்துக்கும் காசு இல்லே. இத்தனை குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். பிறகு, "கூட்டத்திலே நீங்க சொல்லணும்னு நினைச்சா சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றார்.

மிரட்டியிருந்தால் அவளுக்கு ரோஷம் வந்திருக்கும். மனுஷன் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை, முடிவை அவள் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கேன்டீன் கூடத்தில் நடந்தது. மேசைகளை ஓரம் தள்ளி நாற்காலி போட்டிருந்தார்கள். மைக் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தரம் வீறிட்டது. தோணிக்காரர்கள், கடைக்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அண்ணன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தங்கையைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர் படம் காட்டி முடித்ததும் உப்புத் தோணிக்காரர் எழுந்தார். பெரிய உடம்பு, கூட்டம் என்றால் கூச்சம்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியலை. எங்க தோணி நிக்கிற இடத்திலே ஆள் இறங்கி நடக்கலாம். அங்கே எப்ப தோண்டினீங்க? தோண்டாத இடத்துக்கு எங்க தலையிலே எதுக்குச் செலவைக் கட்டுறீங்க?"

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. மேலாளர் கணக்கம்மாவைப் பார்த்தார். யாரோ மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே கொடுத்தாலும் கிடைக்காது. கேள்வியே சரியான இடத்தில் வந்து விழுந்திருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் வாயைத் திறந்தாள். மைக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

அதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"இருப்பா, இரு. நீ யாரைப் பாத்துக் கேக்கறே? அது என் தங்கச்சி. பொறந்ததிலேருந்து அவ ஒரு பொய் சொல்லி நான் பாத்ததில்லை. எனக்கு மட்டும் கடையை விட்டுட்டுப் போகணும்னு ஆசையா? எங்கப்பா போட்ட கடை. ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்கில்ல? அவ நஷ்டம்னு எழுதியிருந்தா அது நஷ்டம்தான். உக்காரு."

உப்புத் தோணிக்காரர் தயங்கினார். அண்ணன் சொல்லுக்கு அந்த ஜெட்டியில் மரியாதை உண்டு. கடனுக்குக் கயிறு கொடுத்து எத்தனையோ தோணிகளைக் கடலுக்கு அனுப்பியவர். "நீங்க சொன்னா சரிண்ணே" என்று உட்கார்ந்தார். எல்லார் கண்ணும் கணக்கம்மாவிடம் வந்தது.

"கணக்கு... முறைப்படிதான் போட்டிருக்கு" என்று மைக்கில் சொன்னாள்.

பொய் இல்லை. ஆனால் பொய் இத்தனை கேவலமாக இருந்திருக்காது. அண்ணன் பெருமையாகச் சுற்றிலும் பார்த்துத் தலையாட்டினார். கூட்டம் முடிந்ததும் சம்மதப் படிவத்தில் முதல் கையெழுத்து அவருடையது. அவர் போட்டதும் மற்றவர்கள் வரிசையில் வந்து போட்டார்கள். மாதக் கடைசி வரைக்கும் ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தாள். தூர் வாரும் கப்பலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அலுவலகத்தில் சம்பளம் வந்துவிடும் என்று எல்லோர் முகத்திலும் ஒரு தெளிச்சி வந்திருந்தது. டீ கொண்டுவருகிற பெண், தன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதைக் கேட்டு இவள் சிரித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாலும் குற்றம், அந்தப் பக்கம் பார்த்தாலும் குற்றம். ஒரு பக்கத்தைக் காட்டி இன்னொரு பக்கத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டு நாளை ஓட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இரண்டு டப்பா பெயின்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கடையைக் காலி செய்கிறாராம், பாதி விலைக்குத் தள்ளுகிறாராம்.

"நல்ல சரக்கு. விக்க மனசு வரலை. உன் ஜன்னலெல்லாம் வெளுத்துக் கிடக்குதே, அடிச்சுக்கோ" என்று வைத்துவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். வயதான கை, டப்பாவின் கம்பி பதிந்து சிவந்திருந்தது.

"நான் அந்தப் பெயின்ட்டைத் தொட மாட்டேன்" என்றார் வீட்டுக்காரர், தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் மதியம் அவள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனாள். அலமாரிகள் பாதிக்கு மேல் காலி. அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரிந்துபோன கயிறு ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாம்மா, வா! என்ன இந்த நேரத்திலே? மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது?"

"இல்லண்ணா. அந்த நஷ்டம் நிஜமில்லை."

"எந்த நஷ்டம்?"

சொன்னாள். டேப் பிடித்து அளந்ததிலிருந்து ஆரம்பித்து, நீளம், ஆழம், ஒரே சட்டையின் மூன்று பாக்கெட், சிவப்புக் கட்டம், மேலாளர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். அண்ணன் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. அவருக்குப் புரியவில்லையோ என்றுகூட நினைத்தாள்.

"அப்ப உப்புத் தோணிக்காரன் கேட்டது சரியான கேள்விதான்."

"ஆமாண்ணா."

"இது உனக்கு எப்ப தெரியும்?"

அவள் காலி அலமாரியைப் பார்த்தாள்.

"கேக்கறேனில்ல?"

"வேலைக்குச் சேர்ந்த மூணாம் வருஷம்."

இப்போதுதான் கை நின்றது. "அந்த வருஷம் உனக்குக் கல்யாணம்" என்றார். "அதுக்கப்புறம் இத்தனை வருஷம் இந்தக் கடையிலே வந்து உக்காந்து டீ குடிச்சிருக்கே. வாரம் தவறாம." பிறகு ஏதோ நினைவு வந்தவர்போல் நிமிர்ந்தார். "அன்னைக்கு மைக் உன் கையிலேதானே இருந்துச்சு?"

"ஆமா."

"நிஜத்தைச் சொல்லு. சொல்ல வந்தியா, நான் நடுவிலே எழுந்து கெடுத்துட்டேனா? இல்லே, நான் எழுந்ததும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டியா?"

இதற்குத்தான் அவள் தயாராக வரவில்லை. சொல்லத்தான் வந்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அண்ணன் நம்பிவிடுவார். அவர் முகம் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

"நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன், அண்ணா."

அண்ணன் எழுந்தார். கயிற்றை ஆணியில் மாட்டினார். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுச் செருப்பைத் தேடினார். "கிளம்பு" என்றார்.

"எங்கே?"

"கையெழுத்துப் போட்ட எல்லார் வீட்டுக்கும்."

முதல் வீடு உப்புத் தோணிக்காரருடையது. அவர் சாப்பிட்ட கையோடு வாசலுக்கு வந்தார். அண்ணன் உள்ளே போகவில்லை, உட்காரவும் இல்லை. "நான் சொன்னா நம்பாதே. அன்னைக்கு நம்பச் சொன்னதே நான்தான். இவ சொல்லுவா, கேளு" என்று சொல்லிவிட்டு, சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தார். அவள் சொன்னாள். உப்புத் தோணிக்காரர் கேட்டு முடித்துவிட்டு அவளைத் திட்டவில்லை; அண்ணனைத்தான் பார்த்தார். "பரவாயில்லைண்ணே, உங்களுக்குத் தெரியாதில்ல" என்றார். அண்ணனுக்கு அது செருப்படியைவிட வலித்திருக்கும்.

இப்படியே வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் அண்ணன் அதே இரண்டு வாக்கியத்தைச் சொன்னார், அவள் மீதியைச் சொன்னாள். ஒருவர் கத்தினார். ஒருவர் சிரித்தார். ஆணிக்கடைக்காரரின் மனைவி, நஷ்டஈட்டை நம்பி மகனுக்கு வண்டி சொல்லிவிட்டோமே என்று அழுதாள். இன்னொரு வீட்டில், "சாப்பிட்டீங்களா?" என்று உபசாரமாகக் கேட்டார்கள், அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கடைசி வீட்டிலிருந்து வெளியே வந்தபோது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. அண்ணன் கடைப்பக்கம் திரும்பி நடந்தார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

அடுத்து நடந்ததைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். தோணிக்காரர்களும் கடைக்காரர்களும் ஆட்சேபம் கொடுத்தார்கள். கணக்கம்மா தன் கைப்பட எல்லாவற்றையும் எழுதி, பழைய முறையும் புது முறையும் பக்கம் பக்கமாகப் போட்டு, மேலாளர் மேசையில் வைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார் மேலாளர், படித்துக்கொண்டே.

"சொன்னேனே, சார்."

"ஆமா. சொன்னீங்க" என்றார். அவர் தலை நிமிரவே இல்லை.

வங்கி பின்வாங்கியது. அப்புறம் வேறு திட்டம் வந்தது, முந்தியதில் பாதி அளவில். பெரிய ஜெட்டியைக் கொஞ்சம் மட்டும் ஆழமாக்குவது. ஆழம் வேண்டுகிற கப்பல்களிடமே தூர் வாரும் கட்டணத்தைத் தனியாக வாங்குவது. பழைய ஜெட்டியை இருந்தபடியே விடுவது. இந்தத் திட்டத்தில் துறைமுகம் எழுந்து ஓடவில்லை, விழாமல் நடக்கிறது. ஆனால் அதுவரை சம்பளம் இழுத்தது. தினக்கூலிக்கு இருந்தவர்களில் பலரை நிறுத்தினார்கள். அதில் டீ கொண்டுவருகிற பெண்ணும் ஒருத்தி. போகும்போது அவள் கணக்கம்மாவின் அறைக்கு வந்து எச்சில் டம்ளரை எடுத்துக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். கணக்கம்மா அந்தக் கல்லூரிக் கட்டணத்தைத் தான் கட்டுவதாக ஆள் விட்டுச் சொன்னாள். வேண்டாம் என்று பதில் வந்தது.

சரியானதைத்தான் செய்தாய் என்று வீட்டுக்காரர் பத்துத் தரம் சொன்னார். சரியானதை அப்போதே செய்திருந்தால் ஒருவருக்கும் ஒரு காசு நஷ்டம் இல்லை. காலம் கடத்திச் செய்ததால் இத்தனை பேர் வயிற்றில் அடித்தாயிற்று. அவளுக்கு இது தெரியும், அவருக்கும் தெரியும். அவள் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் நாலு பேர் கூடி நின்று ஒரு கடிகாரம் கொடுத்தார்கள். கேன்டீனில் யாரும் எந்தக் கிண்டலும் செய்யவில்லை. செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் ஏங்கினாள்.

ஓய்வு பெற்ற மறு வாரம் பழைய ஜெட்டிக்குப் போனாள். அதுவரை இடையில் போகவில்லை. ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். கடை திறந்திருந்தது. அலமாரிகள் மறுபடி நிறைந்திருந்தன. உப்பு மூட்டை ஏற்றுகிற சத்தம் ஜெட்டியிலிருந்து கேட்டது. அண்ணன் திட்டுவார் என்று எண்ணி வந்திருந்தாள். திட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் திட்டட்டும், தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள்.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்க" என்றார். "என்ன வேணும்?"

ஸ்டூலை நோக்கி நீண்ட கையை அவள் இழுத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். கண்ணில் பட்டதைச் சொன்னாள்.

"கயிறு."

"மெல்லிசா, தடிப்பா?"

"மெல்லிசு."

அளந்து வெட்டினார். சுற்றிக் கட்டிக் கொடுத்தார். அவள் நீட்டிய பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார். மீதிச் சில்லறையை எண்ணி அவள் கையில் வைத்துவிட்டு, பின்னால் நின்ற ஆளைப் பார்த்து, "உங்களுக்கு என்ன?" என்று கேட்டார்.